தறியைக் காட்டி விற்பது

பட்டுச் சேலைக் கடைகளுக்கு விளம்பரம் எழுதுவதும் வீடியோ எடுத்துக் கொடுப்பதும் என் தொழில். இந்தத் தொழிலில் அண்மைக் காலத்தில் நேர்ந்த பெரிய மாற்றம், கேமரா ஷோரூமை விட்டுத் தறிக்குழிப் பக்கம் வந்தது. முன்பெல்லாம் நடிகை ஒருவர் பட்டுடுத்தி நகை பூட்டிப் படிக்கட்டில் இறங்கி வருவார், கடையின் பெயர் திரையில் விழும், விளம்பரம் முடிந்துவிடும். இப்போது கடைக்காரர்கள் அதோடு இன்னொன்றையும் கேட்கிறார்கள். தறி ஓடுவதைக் காட்டுங்கள், நெசவாளர் கையைக் காட்டுங்கள், பட்டு எப்படிச் சேலையாகிறது என்று காட்டுங்கள் என்கிறார்கள். கேட்பது நல்ல விஷயம்தான். ஆனால் அப்படி வெளிவரும் வீடியோக்களில் பத்தை வரிசையாகப் பார்த்தால், நாடா பாயும், ஜரிகை மின்னும், சுருக்கம் விழுந்த கை ஒன்று நூலைத் தடவும், பின்னணியில் வீணை ஒலிக்கும், பாரம்பரியம் என்ற சொல் ஒருமுறையாவது வரும். கடையின் பெயரை மாற்றிப் போட்டாலும் வித்தியாசம் தெரியாது. பார்த்து முடித்தவருக்குச் சேலையைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். செய்முறையைக் காட்டும் விளம்பரம் சாட்சி சொல்வதற்குச் சமம். அதைப் பார்த்தவர் மறுநாள் கடைக்குப் போய்ச் சேலையைக் கையிலெடுத்தால், எது எது என்று முன்பைவிடத் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். அந்தத் தெளிவைத் தராத வீடியோ எவ்வளவு அழகாக இருந்தாலும் விற்கும் கடைக்கும் நீடித்த பயனில்லை, நெய்யும் ஊருக்கும் பயனில்லை.

செய்முறையைச் சொல்லி விற்கும் வழக்கம் பழையது. விளம்பரத் துறையில் இதற்கு முன்னுதாரணமாகச் சொல்லப்படுவது, அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் மில்வாக்கி நகரத்து ஷ்லிட்ஸ் பீர் நிறுவனத்துக்காக எழுதிய விளம்பரங்கள். 1927-இல் வெளிவந்த தன் வரலாற்று நூலில் அவரே இதை விவரித்திருக்கிறார். அந்தக் காலத்தில் பீர் கம்பெனிகள் எல்லாமே தங்கள் சரக்கு தூய்மையானது என்று பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டிருந்தன. ஹாப்கின்ஸ் ஆலைக்குள் போய்ப் பார்த்தார். வடிகட்டிய காற்று நிறைந்த கண்ணாடி அறைகளில் பீர் குளிர்விக்கப்பட்டது. குழாய்களும் பம்புகளும் நாளுக்கு இரண்டு முறை சுத்தம் செய்யப்பட்டன. புட்டி ஒவ்வொன்றும் நான்கு முறை கழுவப்பட்டது. பக்கத்திலேயே மிச்சிகன் ஏரி இருந்தும், 4,000 அடி ஆழக் கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். இதையெல்லாம் ஏன் மக்களிடம் சொல்வதில்லை என்று அவர் கேட்டபோது, எல்லா ஆலைகளும் இப்படித்தான் செய்கின்றன, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று பதில் வந்தது. அவர் அதையே விளம்பரமாக எழுதினார். விற்பனையில் ஐந்தாம் இடத்தில் இருந்த ஷ்லிட்ஸ், சில மாதங்களில் முதலிடத்துக்குப் போட்டி போடும் நிலைக்கு வந்துவிட்டது என்கிறார்.

இந்தக் கதையிலிருந்து எங்கள் துறையினர் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் பாடம், எல்லாரும் செய்வதை நீ முந்திக்கொண்டு சொல் என்பது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் பொறுக்கி எடுத்த விதம். ஆலையில் கண்டதையெல்லாம் அவர் அடுக்கவில்லை. குடிப்பவர் மனத்தில் இருந்தது ஒரே சந்தேகம், இது சுத்தமானதா என்பது. அந்தச் சந்தேகத்துக்கு விடையாக நிற்கும் விவரங்களை எடுத்து முன்னே வைத்தார். தூய்மை என்ற வெறும் சொல் செய்யாத வேலையை நான்கு முறை கழுவிய புட்டி செய்தது. அதே நேரத்தில், அந்த விளம்பரத்தின் எல்லையையும் பார்க்க வேண்டும். எல்லா ஆலைகளும் அதையே செய்தன என்றால், படித்தவர் ஷ்லிட்ஸையும் மற்றதையும் வேறுபடுத்தும் அறிவு எதையும் பெறவில்லை. முதலில் சொன்னவருக்கு லாபம் கிடைத்தது, அவ்வளவுதான். காஞ்சிபுரம் பட்டின் நிலைமை இதற்கு நேர்மாறானது. இங்கே எல்லாரும் ஒரே மாதிரி செய்வதில்லை. ஒரே பெயரில், ஒரே அலமாரியில், வெவ்வேறு முறையில் செய்தவை அடுத்தடுத்து மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே ஹாப்கின்ஸ் பாதி வழி வந்து நின்ற இடத்திலிருந்து நாம் தொடங்க வேண்டியிருக்கிறது.

உழைப்பைப் பார்த்தால் மதிப்பு கூடுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. 2004-இல் ஜஸ்டின் க்ரூகரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், ஒரே கவிதையை அதிக நேரம் செலவிட்டு எழுதியது என்று கேள்விப்பட்டவர்கள், குறைந்த நேரத்தில் எழுதியது என்று கேள்விப்பட்டவர்களைவிட உயர்வாக மதிப்பிட்டார்கள். 2011-இல் ரயன் ப்யூல், மைக்கேல் நார்ட்டன் இருவரும் பயணச் சீட்டு தேடித்தரும் இணையதளங்களைப் போன்ற அமைப்பில் சோதனை செய்தார்கள். பின்னால் என்ன வேலை நடக்கிறது என்று திரையில் காட்டினால், காத்திருக்க நேர்ந்தாலும் மக்கள் அந்தச் சேவையைக் கூடுதலாக மதித்தார்கள். இந்த ஆய்வுகளைக் காட்டித்தான் உழைப்பைக் காட்டு, விற்பனை தானாக வரும் என்று எங்கள் துறையில் பேசுகிறார்கள். ஆனால் அதே 2011 ஆய்வில் இன்னொரு பகுதி இருக்கிறது. கிடைத்த முடிவு மோசமாக இருந்தபோது, உழைப்பைக் காட்டியது உதவவில்லை, மதிப்பைக் குறைக்கவே செய்தது. இவ்வளவு பாடுபட்டும் இதுதானா என்று மனம் கேட்டுவிடுகிறது. உழைப்பின் காட்சி பண்டத்துக்கு மாற்றாக நிற்காது. பண்டத்தில் இருக்கும் ஒரு குணத்துக்குக் காரணத்தைக் காட்டும்போதுதான் அந்தக் காட்சிக்குப் பலம் வருகிறது.

காஞ்சிபுரம் பட்டுக்கு அந்தப் பலம் அவசியமாகத் தேவைப்படுகிறது. பெரும்பாலான குடும்பங்கள் உயர்ந்த விலையில் பட்டு வாங்குவது கல்யாணத்துக்குத்தான். அடிக்கடி வாங்கிப் பழகி, ஏமாந்து தெளியும் பொருள் அது அன்று. கண்ணாடி அலமாரியின் வெளிச்சத்தில் கைத்தறியும் விசைத்தறியும் ஒன்றுபோல் மின்னும். வெள்ளியும் பொன்னும் சேர்ந்த ஜரிகையும், செம்புக் கம்பியில் முலாம் பூசிய ஜரிகையும், பாலியெஸ்டர் ஜரிகையும் எட்ட நின்று பார்ப்பவருக்கு ஒன்றுதான். அரசு தந்திருக்கும் அடையாளங்கள் உதவுகின்றன, ஆனால் ஒவ்வொன்றும் சொல்வது வேறு. 2004-இல் மத்தியப் பட்டு வாரியம் கொண்டுவந்த சில்க் மார்க், நூல் பட்டு என்பதற்குப் பொறுப்பேற்கிறது, தறி எது என்று சொல்வதில்லை. 2006-இல் வந்த ஹேண்ட்லூம் மார்க், கைத்தறியில் நெய்தது என்கிறது, நூலைப் பற்றியோ ஜரிகையைப் பற்றியோ பேசுவதில்லை. 2005-06-இல் கிடைத்த புவிசார் குறியீடு, காஞ்சிபுரம் என்ற பெயரைக் காக்கிறது. இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாடு வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாது. ஏதோ ஒரு சீட்டு தொங்கினால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். விலையின் வேறுபாட்டில் பெரும்பகுதி நெய்த முறையிலும் சேர்த்த ஜரிகையிலும் இருக்கிறது, இவையோ கடையில் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் செய்முறையைக் காட்டும் வீடியோவுக்கு இந்தத் தொழிலில் வேறெங்கும் இல்லாத பொறுப்பு வந்து சேர்கிறது.

கோர்வையை எடுத்துக்கொள்ளலாம். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டுக்கும் தனித்தனி ஊடை, அதாவது குறுக்கிழை. நடுவில் உடலுக்கு ஒரு நாடா, இரு பக்கமும் கரைக்கு ஒவ்வொன்று என்று மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு ஓட்டத்திலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் எல்லையில் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்கின்றன. மரபான முறையில் இதற்கு இரண்டு பேர் வேண்டும். நெசவாளர் ஒரு பக்கம் இருந்து நெய்ய, மறுபக்கத்துக் கரை நாடாவைத் தள்ளிவிட உதவியாள் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பல வீடுகளில் அது மனைவியோ பிள்ளையோ. வழக்கமான வீடியோவில் இந்த உதவியாள் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறார். ஏனென்றால் ஒற்றை நெசவாளர்தான் அழகான படம். ஆனால் கோர்வைச் சேலை ஏன் விலை கூடுகிறது என்ற கேள்விக்கு விடை அந்த இரண்டாவது ஆளிடம் இருக்கிறது. அவரைக் காட்டினால் போதும், விலைக்கு வேறு விளக்கம் வேண்டாம். அடுத்து, சேலையைத் திருப்பிக் காட்ட வேண்டும். கோர்வை இல்லாமல் நெய்தால் உடலுக்குப் போகும் ஊடையே கரைக்குள்ளும் ஓடும், அதனால் கரையின் நிறத்தில் உடலின் நிறம் கலந்துவிடும். கோர்வையில் அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை என்றால், அது கலப்பில்லாத பச்சை. பின்பக்கம் பார்த்தால் இரண்டு ஊடைகளும் பிணைந்த கோடு தெரியும். கோர்வை இல்லாத நல்ல கைத்தறிச் சேலைகளும் உண்டு, அவற்றை மட்டமாகப் பேசத் தேவையில்லை. கோர்வை என்று சொல்லி விலை வாங்கினால் கோர்வை இருக்க வேண்டும், அதைக் கண்டுபிடிக்கும் வழி வாங்குபவர் கையில் இருக்க வேண்டும். தறியில் மூன்று நாடாக்களும், முடிந்த சேலையில் பின்பக்கக் கோடும் என்று இரண்டே காட்சிகளில் அந்த அறிவைக் கொடுத்துவிடலாம்.

முந்தியும் அப்படித்தான். உடலுக்கும் முந்திக்கும் நிறம் வேறாக இருக்கும் சேலையில், பாவின், அதாவது நெடுக்கிழைகளின், நிறமே அந்த இடத்தில் மாறியாக வேண்டும். பழைய பாவின் இழைகளோடு புதிய நிறத்துப் பாவின் இழைகளைக் கையால் பிணைத்து, சிறிது தூரம் இரண்டையும் சேர்த்து நெய்து, பிறகு பழைய இழைகளை வெட்டி விடுவார்கள். பெட்னி என்று சொல்லப்படும் இந்த வேலையைக் கேமராக்காரர்கள் பொதுவாக எடுப்பதில்லை. காரணம், தறி அப்போது ஓடாது, சத்தம் இல்லை, நாடா பாய்வதில்லை, ஒருவர் குனிந்து நூலைப் பிணைத்துக்கொண்டே இருப்பார். ஆனால் நேரம் கரைவது இங்கேதான். ஜரிகைக்கும் இதே கதை. சூரத்திலிருந்து வரும் ஜரிகை மின்னுவதைக் காட்டி எந்தப் பயனும் இல்லை, போலியும் மின்னும். அசல் ஜரிகையில் சிவப்புச் சாயமேற்றிய பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதன்மேல் பொன் முலாம் ஏறியிருக்கும். நுனியைச் சுரண்டினால் உள்ளிருக்கும் சிவப்பு இழை தெரியும். பாலியெஸ்டர் ஜரிகையை நெருப்பில் காட்டினால் உருகிக் கட்டியாகும், பட்டு கருகி முடி பொசுங்கும் வாசனை வரும், சாம்பலை விரலால் நொறுக்கிவிடலாம். சிவப்பு இழையையும் போலியாகச் செய்ய முடியும் என்பதால், பெரிய தொகைக்கு வாங்குகிறவர்களுக்கு எக்ஸ் கதிர்க் கருவியில் ஜரிகையைச் சோதித்துக் காட்டுவது இன்னும் நம்பகமானது. இவை எல்லாமே கேமராவுக்கு ஏற்ற காட்சிகள். ஒவ்வொன்றிலும் பார்ப்பவர் தன் சேலையில் செய்துபார்க்கக்கூடிய, அல்லது கடையில் கேட்டுப் பெறக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது.

ஆகவே எதைப் படமெடுப்பது என்று முடிவு செய்ய நான் வைத்திருக்கும் அளவுகோல், அழகு எங்கே என்பதைவிடச் செலவும் தேர்வும் எங்கே என்பதுதான். தெருவில் அதிகாலையில் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்து வெயிலில் உலர்த்துவது கண்ணுக்கு இனிய காட்சி. ஏற்கெனவே பலமுறை எடுக்கப்பட்டும்விட்டது. அதையே மீண்டும் எடுப்பதானால், பட்டிழைக்கு அந்த விறைப்பு ஏன் தேவை, நெய்யும்போது இழை அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். இழை அறுவதையும், நெசவாளர் தறியை நிறுத்தி முடிச்சுப் போடுவதையும் வெட்டி எறியக் கூடாது. ஒரு நாளில் நெய்த அளவை நாடாப் பாய்ச்சலின் வேகத்தில் ஓட்டிக் காட்டி, அரை நிமிடத்தில் சேலை முடிந்துவிட்டதுபோல் செய்வது, வேலையின் உண்மையான நேரத்தை மறைக்கும் காரியம். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். காலையில் துணியின் விளிம்பில் ஒரு குறி வைத்து, மாலையில் அது எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று காட்டினால், விரல்கடை அளவில் அந்த நேரம் புரிந்துவிடும். விலையையும் ஒளிக்க வேண்டியதில்லை. பட்டுக்கு இவ்வளவு, ஜரிகைக்கு இவ்வளவு, சாயத்துக்கு இவ்வளவு, கூலி இவ்வளவு, கடையின் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் துணிவு இருக்கும் கடைக்கு, பேரம் பேசுபவரிடம் வேறு வாதம் வேண்டியிருக்காது. கூலியைச் சொல்ல வெட்கப்படும் கடை, முதலில் கூலியைத்தான் சரிசெய்ய வேண்டும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு, எல்லாவற்றையும் காட்டிவிட்டால் போட்டியாளர் பார்த்துச் செய்துவிடுவாரே என்பது. இந்தக் கவலையில் நியாயம் இருக்கும் இடமும் உண்டு, இல்லாத இடமும் உண்டு. புதிதாக வரைந்த புட்டா, முகூர்த்தக் காலத்துக்காகத் தயாரித்த நிறச் சேர்க்கை, ஒரு சாயப் பட்டறையின் அளவுக் கணக்கு, இவை படமெடுத்து ஊருக்குக் காட்ட வேண்டியவை அல்ல. காட்டிய வாரத்திலேயே விசைத்தறியில் மலிவாக இறங்கிவிடும். ஆனால் கோர்வையும் பெட்னியும் காஞ்சிபுரத்துத் தெருக்கள் எல்லாம் அறிந்த முறைகள். அவற்றைக் காக்கும் வேலி ரகசியம் அல்ல. இரண்டு பேருக்கான கூலியும், பல வருடம் தறியில் உட்கார்ந்து பழகிய கையும்தான் வேலி. அதை வீடியோ பார்த்துத் தாண்டிவிட முடியாது. உண்மையில் முறையை மறைத்ததால் லாபமடைந்தவர்கள் போலிகளே. கைத்தறிக்கென ரகங்களை ஒதுக்கும் சட்டம் 1985-இல் வந்தது, சில வகைச் சேலைகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இருந்தும் கைத்தறியின் பெயரில் விசைத்தறிச் சேலை விற்பது நின்றுவிடவில்லை. சட்டத்தால் ஒவ்வொரு கடையையும் சோதிக்க இயலாது. ஒவ்வொரு கடையிலும் சேலையைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்த வாடிக்கையாளர் ஒருவர் இருந்தால் அந்தச் சோதனை தினமும் நடக்கும்.

இரண்டாவது மறுப்பு, எல்லாவற்றையும் விளக்கிவிட்டால் பட்டின் மயக்கம் போய்விடும் என்பது. கல்யாணப் பட்டை யாரும் கணக்குப் பார்த்து ரசிப்பதில்லை, கனவைத்தான் விற்க வேண்டும் என்பார்கள். இதற்குத் திரைப்பட உலகம் நல்ல பதில் வைத்திருக்கிறது. 1954 டிசம்பரில் வால்ட் டிஸ்னி, நீர்மூழ்கிக் கப்பல் கதையான தன் புதிய படம் வெளியாவதற்குச் சில நாட்கள் முன்பு, அது எப்படி எடுக்கப்பட்டது என்று தொலைக்காட்சியில் ஒரு மணி நேர நிகழ்ச்சியாகக் காட்டினார். கடலுக்கடியில் நடிகர்களும் கேமராக்காரர்களும் எப்படி வேலை செய்தார்கள் என்பதை அமெரிக்கக் குடும்பங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தன. ஒரு படத்துக்கான நீண்ட விளம்பரம்தான் அது, ஆனாலும் அந்த ஆண்டின் சிறந்த நிகழ்ச்சிக்கான எம்மி விருது அதற்குக் கிடைத்தது. தந்திரத்தைக் காட்டியதால் படத்தை மக்கள் ஒதுக்கவில்லை, விரும்பிப் போய்ப் பார்த்தார்கள். எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தபின் வியப்பு குறைவது, செய்தது எளிதாக இருக்கும்போதுதான். கடினமான வேலையில், தெரிந்தபின்தான் வியப்பே தொடங்குகிறது. சங்கீதம் தெரிந்தவர் கச்சேரியைக் குறைவாகவா ரசிக்கிறார்? கோர்வையின் கோட்டைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பெண், தன் கல்யாணப் பட்டை இன்னும் பெருமையோடுதான் உடுத்துவாள்.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. இவ்வளவையும் பார்க்க யாருக்கு நேரம், மூன்று விநாடியில் விரல் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடுகிறதே என்பார்கள். தள்ளிவிடுவது உண்மை. ஆனால் தள்ளிவிடுகிறவர்கள் எல்லாரும் பட்டு வாங்க வந்தவர்கள் அல்ல. கல்யாணம் நிச்சயமான வீட்டில் தாயும் மகளும் அத்தையும் கூடிக் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள், ஒரு சேலைக்காகப் பாதி நாள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் நேரம் இருக்கிறது, சந்தேகமும் இருக்கிறது. லட்சம் பேர் பார்த்து மறந்த வீடியோவைவிட, இந்தக் குடும்பத்தின் வாட்ஸ்அப்புக்குள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட வீடியோ கடைக்குப் பயன் தரும். குறுகிய வீடியோவும் இதற்கு எதிரி அல்ல. ஒரு வீடியோவுக்கு ஓர் உண்மை என்று வைத்துக்கொண்டால் போதும். அரை நிமிடத்தில் சேலையின் பின்பக்கத்தைக் காட்டலாம். இன்னொரு அரை நிமிடத்தில் ஜரிகையைச் சுரண்டிக் காட்டலாம். நீளமான படத்தைக் கடைக்குள்ளேயே, சேலை விரிக்கும் இடத்தில் ஓடவிடலாம். விற்பனையில் நிற்கும் பெண்களுக்கும் அதே பாடத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வீடியோவில் பார்த்த சோதனையை வாடிக்கையாளர் கேட்டால், கடை ஊழியர் விழிக்கக் கூடாது.

நான்காவது மறுப்புதான் மிகக் கனமானது, அதை வணிகக் கணக்கால் மட்டும் தீர்க்க முடியாது. நெசவாளரைக் காட்சிப் பொருளாக்குகிறோமா என்ற கேள்வி அது. டிஸ்னியின் வரலாற்றிலேயே இதற்கு எச்சரிக்கை இருக்கிறது. 1941-இல் அவருடைய ஸ்டுடியோ, பார்வையாளர் ஒருவர் உள்ளே நுழைந்து கார்ட்டூன் படம் எப்படி உருவாகிறது என்று சுற்றிப் பார்ப்பதுபோல ஒரு படத்தை வெளியிட்டது. சிரித்த முகத்தோடு ஊழியர்கள், மகிழ்ச்சியான பட்டறை. சில ஊழியர்களின் வேடத்தில் நடிகர்களே நடித்திருந்தார்கள். படம் வெளிவந்த நேரத்தில், அதே ஸ்டுடியோவின் ஓவியர்கள் மே மாதக் கடைசியில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். படம் ஓடிய திரையரங்கின் முன்னும் மறியல் நடந்தது. திரைக்குப் பின்னால் என்று காட்டியதற்கும் பின்னால் வேறொன்று இருந்தது. செய்முறை விளம்பரம் செய்கிற ஒவ்வொருவரும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தறியைக் காட்டிய பிறகு, தறியில் உட்கார்ந்திருப்பவர் என்ன சம்பாதிக்கிறார் என்று கேட்கும் உரிமையையும் பார்ப்பவருக்குக் கொடுத்துவிட்டோம்.

ஆகவே இங்கே சில ஒழுங்குகள் வேண்டும். வறுமையைக் காட்டி இரக்கத்தை விற்பது கூடாது. நெசவாளர் தேர்ந்த தொழிலாளி, அவரிடம் வாங்குவது தர்மம் அல்ல. படமெடுப்பதற்கு அவருடைய சம்மதம் வேண்டும், தறி நின்ற நேரத்துக்குக் கூலி வேண்டும், பெயர் போடலாமா வேண்டாமா என்பது அவர் முடிவு. போடலாம் என்றால் முழுப் பெயரும் ஊரும் சேர்த்துப் போட வேண்டும், 'எங்கள் கைவினைஞர்' என்ற அநாமதேயம் வேண்டாம். 1935-இல் தொடங்கப்பட்ட கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ், பட்டுச் சேலைகளோடு அவற்றை நெய்தவரின் படமும் பெயரும் அச்சிட்ட அட்டையை இணைத்தது. விளம்பரச் செலவென்று பெரிதாக எதுவும் இல்லாத செயல், ஆனால் திசை சரியானது. பார்ப்பது ஒருவழியாகவும் இருக்கக் கூடாது. ப்யூல் தன் சகாக்களோடு ஓர் உணவுக்கூடத்தில் செய்த சோதனையில், சமைப்பவர்களும் சாப்பிடுபவர்களும் திரை வழியாக ஒருவரையொருவர் பார்க்க முடிந்தபோது, சாப்பிட்டவர்களின் திருப்தியும் கூடியது, வேலையின் வேகமும் கூடியது. தன் கைவேலையை யார் பயன்படுத்துகிறார் என்று தெரிவது செய்பவருக்கும் வேண்டியிருக்கிறது. சேலையை உடுத்திய மணப்பெண்ணின் படத்தை, அவள் சம்மதத்தோடு, நெய்த வீட்டுக்கு அனுப்பிவைக்க ஒரு கடைக்கு என்ன சிரமம்? வீடியோவில் தறியைக் காட்டும் கடைகளில் எத்தனை இதைச் செய்கின்றன?

இதன் மறுபக்கமாக, செய்முறையைக் காட்டும் உரிமை யாருக்கு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கைத்தறியைப் படமெடுத்து விசைத்தறிச் சேலையை விற்பது விளம்பர மிகை என்ற கணக்கில் வராது, அது பொய்ச் சாட்சி. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதற்குத் துணைபோகக் கூடாது. தறியைப் படமெடுக்கும் நாளிலேயே, அந்தத் தறியில் இறங்கும் சேலை இந்தக் கடையில் எந்த அலமாரிக்குப் போகிறது என்று கேட்டுவிட வேண்டும். கைத்தறிக்கென ஒதுக்கப்படாத ரகத்தில் விசைத்தறிச் சேலை விற்பது குற்றமில்லை. பாலியெஸ்டர் ஜரிகை போட்ட சேலைக்கும் வாங்குபவர் உண்டு, சிக்கனமான விலையில் பளபளப்பு வேண்டும் என்பதும் நியாயமான ஆசைதான். அதை அதுவாகவே காட்டட்டும், அதன் விசைத்தறியையே படமெடுக்கட்டும். தன் செய்முறையைத் தானே காட்டக் கூச்சப்படும் பண்டம், இன்னொன்றின் செய்முறையை இரவல் வாங்குகிறது. அப்படி இரவல் வாங்கிய வீடியோ ஒன்று ஏமாற்றியது என்று தெரியும்போது, மக்கள் அந்தக் கடையை மட்டும் சந்தேகிப்பதில்லை. தறி ஓடும் எந்த வீடியோவையும் நம்ப மறுக்கிறார்கள். உண்மையாக நெய்கிறவருக்கு எஞ்சியிருக்கும் கடைசிச் சாட்சியும் அத்தோடு போய்விடுகிறது.

எனவே தறிக்குழிக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகும் முன், கடைக்காரரும் படமெடுப்பவரும் உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளலாம். வாங்குபவரின் எந்தச் சந்தேகத்துக்கு இந்தக் காட்சி விடை? பார்த்தவர் அதைக் கடையில் எப்படிச் சோதித்துப் பார்ப்பார்? படத்தில் வருகிறவர் இதைப் பார்த்தால், என் வேலையைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்வாரா? மூன்றுக்கும் விடை இருந்தால் வீணை தேவையில்லை, தறியின் சத்தமே போதும். வெற்றியை அளப்பதற்கும் பார்வை எண்ணிக்கையை நம்ப வேண்டாம். கடைக்கு வருகிறவர்களின் கேள்விகளைக் குறித்துவைத்துக்கொண்டால் போதும். 'இதே மாடல் வேறு கலரில் இருக்கிறதா' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், 'இது கோர்வையா, பின்பக்கம் காட்டுங்கள்' என்று கேட்கத் தொடங்கினால் விளம்பரம் தன் வேலையைச் செய்துவிட்டது. அந்தக் கேள்விக்குத் தயங்காமல் சேலையைத் திருப்பிக் காட்டக்கூடிய கடைகள்தான் கைத்தறிக்கு உரிய விலையைக் கேட்டு வாங்க முடியும். அந்த விலை கிடைத்தால்தான் இரண்டாவது ஆளுக்குக் கூலி கொடுக்க முடியும், கோர்வைத் தறி நிற்காமல் ஓட முடியும்.